பத்திரிகையின் முதற்பக்கமும் அரசியல்வாதியின் முகமும்

இலண்டன் மாநகரில் வெளிவரும் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1785ஆம் ஆண்டிலே தோன்றியது. பிரித்தானியப் பேரரசின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நாள்தோறும் பதிந்துவந்த அப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் நெடுங்காலம் செய்திகள் இடம்பெறவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய அறிவித்தல்களும், வேலைக்கு ஆள் தேவை, வீடு வாடகைக்கு உண்டு என்பன போன்ற சிறு விளம்பரங்களுமே அப்பக்கத்தை நெருக்கமாக நிரப்பியிருந்தன. நாட்டின் பெருஞ் செய்தியை அறிய விரும்பிய வாசகர் தாளைத் திருப்பி உட்பக்கத்திலேதான் அதனைத் தேடவேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ செய்தியை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. ‘மான்செஸ்டர் கார்டியன்’ 1952இல் அவ்வழியைப் பின்பற்றியது. ‘டைம்ஸ்’ பத்திரிகையோ 1966 மே மாதம் 3ஆந் திகதியன்றுதான் அம்மாற்றத்துக்கு இணங்கியது.

இது வெறும் அச்சு ஒழுங்கின் மாற்றம் போலத் தோன்றலாம். ஆயினும் இதனுள் ஓர் அதிகாரம் கைமாறியது. விளம்பரங்கள் நிறைந்த பக்கத்திலே எது முதன்மையானது என எவரும் வாசகருக்குச் சொல்வதில்லை. வீடு தேடுபவர் வீட்டையும் வேலை தேடுபவர் வேலையையும் தாமே கண்டுகொள்வர். செய்தி முதற்பக்கத்துக்கு வந்தபோது, நேற்று உலகில் நிகழ்ந்தவற்றுள் எது பெரிது, எது சிறிது, எவர் போற்றத்தக்கவர், எவர் ஐயத்துக்குரியவர் என்னும் முடிவுகளும் அதனுடன் சேர்ந்து வந்தன. காலையில் வாசகர் கையில் எடுப்பது அம்முடிவுகளின் விளைவையே. முடிவுக்குரிய காரணம் அவர் கண்ணிற் படுவதில்லை. ஒரு முதற்பக்கம் அரசியல்வாதி ஒருவரை எவ்வாறு மக்கள் முன் நிறுத்துகின்றது என்று ஆராய்வதன் பயன், மறைந்திருக்கும் அக்காரணத்தைக் கண்டறிவதேயாகும்.

முதற்பக்கம் உருவாகும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். பெரிய நாளிதழ் ஒன்றின் காரியாலயத்திலே பிற்பகலில் ஆசிரியர் குழு கூடும். செய்தி ஆசிரியர் அன்றைய செய்திகளின் பட்டியலை முன்வைப்பார்; படங்களுக்குப் பொறுப்பானவர் சிறந்த புகைப்படங்களைக் காட்டுவார். நிருபர்களும் செய்தி நிறுவனங்களும் அனுப்பிய நூற்றுக்கணக்கான செய்திகளுள் முதற்பக்கத்தில் இடம்பெறக்கூடியவை ஒரு சிலவே. அவற்றுள்ளும் தலையாய செய்தி ஒன்றுதான். அதனைத் தீர்மானிப்பவர் ஆசிரியர். அடுத்து, செய்தியை எழுதிய நிருபர் அதற்குத் தலைப்பிடுவது வழக்கமன்று. துணை ஆசிரியர் ஒருவர், ஒதுக்கப்பட்ட இடத்தில் எத்தனை எழுத்துக்கள் அடங்கும் எனக் கணக்கிட்டுத் தலைப்பை அமைக்கின்றார். நிருபர் பத்துப் பந்திகளில் தயக்கத்தோடும் விளக்கத்தோடும் எழுதியதைத் தலைப்பு நான்கு சொற்களில் ஐயத்துக்கிடமின்றி முழங்கிவிடுவதன் காரணம் இதுவே. தலைப்பை மட்டும் படித்துச் செல்பவர் நிருபரின் செய்தியைப் படித்தவர் ஆகார்.

இனி, முதற்பக்கம் பேசும் மொழி யாதெனப் பார்த்தால், அது சொற்களால் மட்டும் ஆனதன்று. இடம் பேசுகின்றது: பெருந்தாள் பத்திரிகை கடையிலே மடிக்கப்பட்டுக் கிடக்கும்போது மடிப்புக்கு மேலுள்ள பாதியே கண்ணிற் படும், மடிப்புக்குக் கீழே வைக்கப்பட்ட செய்தி பாதி மறைக்கப்பட்ட செய்தியாகும். எழுத்தின் பருமன் பேசுகின்றது. புகைப்படம் எல்லாவற்றினும் உரத்துப் பேசுகின்றது. தலைவர் ஒருவர் ஒரு மேடையில் நின்று அரைமணி நேரம் பேசினால் அவருடைய முகம் பல நூறு தோற்றங்கொள்ளும். சிரிப்பு, சினம், சோர்வு, கண்ணிமைக்கும் கணத்தின் மயக்கம் ஆகிய அனைத்தும் படக்கருவியில் பதியும். அவற்றுள் எதனை எடுப்பது என்பது படக்கருவியின் செயலன்று, மனிதரின் தெரிவு. கண் பாதி மூடிய நிலையிலுள்ள படம் பொய்ப்படமன்று. எனினும் அதனைப் பார்ப்பவர் மனத்தில் அத்தலைவர் அறிவு மயங்கியவராகவே பதிவார்.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஊர் ஒன்றுக்கு அமைச்சர் ஒருவர் மூன்றாம் நாள் செல்கின்றார் எனக் கொள்வோம். “வெள்ளப் பகுதிக்கு விரைந்தார் அமைச்சர்” என்று ஒரு பத்திரிகை தலைப்பிடும். “மூன்று நாட்களின் பின் அமைச்சர் வருகை” என்று மற்றொன்று எழுதும். “அமைச்சர் முன்னிலையில் மக்கள் குமுறல்” என்பது மூன்றாவது பத்திரிகையின் தலைப்பு. மூன்றிலும் பொய்யென்று நீக்கத்தக்க சொல் எதுவுமில்லை. முதலாவதில் அமைச்சர் கடமை வீரர். இரண்டாவதில் அவர் கடமை தவறியவர். மூன்றாவதில் அவர் கதைக்கு வெளியே தள்ளப்பட்டு, மக்களே கதையின் நாயகராகின்றனர். ‘விரைந்தார்’ என்னும் ஒரு வினைச்சொல்லும் ‘மூன்று நாட்களின் பின்’ என்னும் ஒரு காலக்குறிப்பும் செய்யும் வேலை இது. பத்திரிகை ஒன்றின் பக்கச்சார்பைப் பொய்ச் செய்திகளில் மட்டும் தேடுபவர் பெரும்பாலும் ஏமாந்துபோவதன் காரணமும் இதுவே. சார்பு குடியிருப்பது உண்மைகளை அடுக்கும் முறையிலேயாகும்.

இவை எவ்வாறு நடைமுறையில் வெளிப்படுகின்றன என்பதற்குப் பிரித்தானியத் தேர்தல் நாட்களின் முதற்பக்கங்கள் சிறந்த சான்றுகளாகும். வாக்காளர் வாக்குச்சாவடிக்குச் செல்லும் வழியில் காணும் பக்கம் அது. அன்று காலையில் பத்திரிகை தன் முகத்திரையை நீக்கி நேரடியாகவே பேசுகின்றது.

1945 ஜூலை 5ஆந் திகதி. ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. போரை நடத்தி வென்ற பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவராகத் தேர்தலில் நின்றார். அவருடைய புகழுக்கு எதிராக எதனை நிறுத்துவது என்பது அவரை எதிர்த்தோரின் பெருஞ் சிக்கலாக இருந்தது. ‘டெய்லி மிரர்’ பத்திரிகை அதற்கு ஒரு வழி கண்டது. பிலிப் செக் என்னும் ஓவியர் மே 8ஆந் திகதி, வெற்றித் திருநாளன்று, அப்பத்திரிகைக்கு ஒரு கருத்துப்படம் வரைந்திருந்தார். காயமுற்றுக் கட்டுப்போட்ட போர்வீரன் ஒருவன், ஐரோப்பாவின் வெற்றியையும் அமைதியையும் குறிக்கும் வாகைமாலையை நீட்டி, இந்தாருங்கள், இதனை மறுபடியும் இழந்துவிடாதீர்கள் என்று கூறுவதாக அது அமைந்திருந்தது. தேர்தல் நாளன்று அதே படம் முதற்பக்கத்தில் மீண்டும் வெளியாயிற்று.

இந்தப் பக்கத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அப்படத்தில் சர்ச்சில் இல்லை. அவருடைய எதிராளி கிளமெண்ட் அட்லியும் இல்லை. தலைவர்களின் இடத்தில் பெயரற்ற போர்வீரன் ஒருவன் நிற்கின்றான். போர்வீரனை எதிர்த்து எவர் வாதிட முடியும்? ‘மறுபடியும்’ என்னும் சொல்லிலேதான் குற்றச்சாட்டு முழுவதும் அடங்கியிருந்தது. 1918இல் கிடைத்த அமைதியை முன்னொரு முறை இழந்தவர்கள் யார் என்னும் வினாவை அச்சொல் எழுப்பியது. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் ஆட்சியிலிருந்தது கன்சர்வேட்டிவ் கட்சி என்பதை வாசகர் தாமே நினைவிற் கொள்வார் என்று பத்திரிகை எண்ணியது. இதே ஓவியர் 1942இல் வரைந்த வேறொரு கருத்துப்படத்துக்காக அப்பத்திரிகையை மூடவும் நேரிடும் எனச் சர்ச்சிலின் அரசு எச்சரித்திருந்தது. வெளிநாடுகளிலிருந்த படையினரின் வாக்குகளைத் திரட்டவேண்டியிருந்தமையால் முடிவு ஜூலை 26ஆந் திகதியே வெளியாயிற்று. தொழிற்கட்சி 393 ஆசனங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது.

ஆறு ஆண்டுகளின் பின், 1951 ஒக்டோபர் 25ஆந் திகதி, அதே பத்திரிகை மீண்டும் தேர்தல் நாள் முதற்பக்கம் ஒன்றை வெளியிட்டது. இம்முறை பக்கத்தை நிரப்பியது ஒரு கைத்துப்பாக்கியின் படம். யாருடைய விரல் அதன் விசையில் இருக்கவேண்டும் என்னும் கருத்தில் அமைந்த வினா ஒன்று அதனுடன் காணப்பட்டது. சர்ச்சில் ஆட்சிக்கு வந்தால் போர் மூளும் என்று அப்பக்கத்தில் எங்கும் நேரடியாகக் கூறப்படவில்லை. வினாக்குறி அவ்வேலையைச் செய்தது. கூற்று ஒன்றை மறுக்கலாம். வினாவை மறுக்க முடியாது. வினாவைக் கேட்டவர் பின்வாங்கவும் முடியும், கேட்டவர் மனத்தில் ஐயம் தங்கவும் செய்யும். எனினும் சட்டம் வினாக்குறியின் பின்னே ஒளிந்திருந்ததைக் காணத் தவறவில்லை. சர்ச்சில் மானநட்ட வழக்குத் தொடுத்தார்; 1952இல் பத்திரிகை மன்னிப்புக் கேட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தேர்தலிலோ, தொழிற்கட்சி கூடுதலான வாக்குகளைப் பெற்றபோதிலும் ஆசனங்களின் எண்ணிக்கையில் பின்தங்கியது. சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். முதற்பக்கத்துத் தலைப்பு வினாவாக அமையும்போதெல்லாம், அதனைக் கூற்றாக எழுதப் பத்திரிகைக்குத் துணிவு இருந்ததா என்று கேட்டுப்பார்ப்பது வாசகருக்கு நன்மை தரும்.

இவ்விரண்டும் தொழிற்கட்சியின் பக்கம் நின்ற பத்திரிகையின் பக்கங்கள். மறுபக்கத்துக்கு உரியது 1992 ஏப்ரல் 9ஆந் திகதி வெளிவந்த ‘சன்’ பத்திரிகையின் முதற்பக்கம். அந்நாளில் அப்பத்திரிகை நாளொன்றுக்குச் சுமார் 35 இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னொக்கின் தலை ஒரு மின்குமிழுக்குள் அடைக்கப்பட்டிருப்பதாகப் படம் அமைக்கப்பட்டிருந்தது. இன்று கின்னொக் வென்றால், நாட்டைவிட்டு இறுதியாக வெளியேறுபவர் விளக்கை அணைத்துவிட்டுச் செல்வாராக என்னும் கருத்துடைய வாசகம் அதனருகே பெரிய எழுத்தில் நின்றது.

வரிக்கொள்கை, மருத்துவசேவை, பொருளாதார மந்தம் ஆகியவை அத்தேர்தலில் மக்கள் பேசிய விடயங்கள். அப்பக்கத்தின் பெருந்தலைப்பில் இவற்றுக்கு இடமில்லை. தலைவர் ஒருவரின் முகம் நகைப்புக்குரிய ஒரு பொருளாக மாற்றப்பட்டது; அவ்வளவே. கொள்கைக்கு மறுமொழி கூறலாம். நகைப்புக்கு மறுமொழி கூறப் புகுந்தவர் மேலும் நகைப்புக்குள்ளாவார். அவ்வாசகம் ‘வென்றால்’ என்னும் நிபந்தனைச் சொல்லிலே தொங்குவதும் நோக்கத்தக்கது. வராத எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தை எவரும் பொய்யென நிறுவ இயலாது. அன்றைய தேர்தலில் ஜோன் மேஜர் தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சி, கருத்துக்கணிப்புகள் கூறியதற்கு மாறாக, 336 ஆசனங்களைப் பெற்று வென்றது. ஏப்ரல் 11ஆந் திகதி ‘சன்’ தானே அவ்வெற்றியை ஈட்டியதாக முதற்பக்கத்திலே மார்தட்டிக்கொண்டது. பதவி விலகலை அறிவித்த கின்னொக்கும் கன்சர்வேட்டிவ் சார்புப் பத்திரிகைகளையே தம் தோல்விக்குக் காரணமாகக் காட்டினார். இருபது ஆண்டுகளின் பின், 2012இல், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த விசாரணையின் முன் தோன்றிய அப்பத்திரிகையின் அதிபர் ரூபர்ட் மேர்டொக், அந்த மார்தட்டல் சுவையற்றதும் தவறானதுமாகும் என்று ஒப்புக்கொண்டார்.

வென்றவரின் பெருமையும் தோற்றவரின் முறையீடும் ஒரே காரணத்தைச் சுட்டினாலும், அது மெய்யாகிவிடாது. முதற்பக்கம் தேர்தலை வெல்லுமா? இவ்வினாவுக்கு இலங்கையின் வரலாறே ஒரு மறுமொழி தருகின்றது. 1956ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனமான லேக்ஹவுஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் நின்றது. மூன்று மொழிகளிலும் நாளிதழ்களை வெளியிட்ட நிறுவனம் அது. எனினும் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு. ஊர்தோறும் நிகழ்ந்த கூட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் உருவான எண்ணத்தை முதற்பக்கங்கள் மாற்றிவிடவில்லை.

பத்திரிகையின் நம்பிக்கைக்கும் மக்களின் தீர்ப்புக்கும் இடையே பெரும் பிளவு தோன்றியதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1948 நவம்பர் 2ஆந் திகதி நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹரி ட்ரூமன் தோற்பார் என்பது பெரும்பாலான பத்திரிகைகளின் துணிபு. ‘சிக்காகோ டிரிபியூன்’ காரியாலயத்தில் அச்சுக்கோப்பாளரின் வேலைநிறுத்தம் நெடுநாளாகத் தொடர்ந்தது. தட்டச்சில் அடித்த செய்தியைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிடவேண்டியிருந்தமையால், பத்திரிகையை வழமையினும் முன்னதாகவே முடிக்கவேண்டியிருந்தது. வாக்கெண்ணிக்கை முற்றுப்பெறுமுன், வாஷிங்டன் நிருபரின் ஊகத்தை நம்பி, தோமஸ் டியூவி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று முதற்பதிப்பின் தலைப்பு அமைந்தது. தவறு திருத்தப்படுமுன் சுமார் ஒன்றரை இலட்சம் பிரதிகள் அச்சாகிவிட்டன. ட்ரூமன் 303 தேர்தற்குழு வாக்குகளைப் பெற்றார். டியூவி பெற்றவை 189. இரண்டு நாட்களின் பின் சென். லூயிஸ் நகரப் புகையிரத நிலையத்தில், வென்ற தலைவர் தம் தோல்விச் செய்தி தாங்கிய அப்பத்திரிகையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம் இன்றும் அச்சிடப்படுகின்றது. முதற்பக்கம் அரசியல்வாதியைக் காட்டுவது வழக்கம். அன்று அரசியல்வாதி முதற்பக்கத்தை உலகுக்குக் காட்டினார்.

அப்படியாயின் முதற்பக்கத்துக்கு வலிமையே இல்லையா? இதற்கு ஆராய்ச்சியாளர் தந்த விடை நிதானமானது. மக்கள் இன்னபடி எண்ணவேண்டும் என்று கட்டளையிடுவதில் பத்திரிகை பெரும்பாலும் தோல்வியுறும். ஆயின் எதனைப் பற்றி எண்ணவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் வெற்றி பெறும் என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் பேர்னாட் கோகன் 1963இல் வெளியிட்டார். 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மக்ஸ்வெல் மக்கொம்ப்ஸ், டொனால்ட் ஷோ என்னும் இருவர் வட கரோலைனாவிலுள்ள சப்பல் ஹில் என்னும் ஊரில், எவருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளரை வினவினர். அவர்கள் நாட்டின் முதன்மையான பிரச்சினைகளாகக் கூறியவையும், செய்தித்துறை முதன்மை கொடுத்து வெளியிட்டவையும் பெரிதும் ஒத்திருந்தன. 1972இல் வெளியான அவ்வாய்வு இன்றும் இத்துறையின் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. முதற்பக்கம் வாக்காளரின் கையைப் பிடித்து வாக்குச்சீட்டில் புள்ளடி இடுவிப்பதில்லை. அவர் எந்தக் கேள்வியை மனத்திற் கொண்டு வாக்குச்சாவடிக்குள் நுழைகின்றார் என்பதிலேதான் அதன் கை இருக்கின்றது.

கேள்வியே மாற்றப்பட்டுவிட்டால் விளைவது என்ன என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2016 ஜூன் 23ஆந் திகதி நடந்த மக்கள் தீர்ப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று பிரித்தானிய வாக்காளருள் ஏறக்குறைய 52 சதவீதத்தினர் முடிவு செய்தனர். விலகலை அறிவிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்குத் தனியே உண்டா, பாராளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டுமா என்னும் சட்டவினா மேல் நீதிமன்றத்தின் முன் வந்தது. பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மூன்று நீதியரசர்கள் நவம்பர் 3ஆந் திகதி தீர்ப்பளித்தனர். விலகுவது நன்றா தீதா என்பது தமது ஆய்வுக்கு உட்பட்டதன்று என்பதை அவர்கள் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தனர். மறுநாள் ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் முதற்பக்கத்தில் அம்மூவரின் படங்களும் வரிசையாக வைக்கப்பட்டு, மக்களின் எதிரிகள் எனப் பொருள்படும் தலைப்பு பெரிய எழுத்தில் இடப்பட்டிருந்தது.

அப்பக்கத்தை அமைத்த முறையைப் பகுத்து நோக்கினால், மூன்று செயல்கள் புலப்படும். முதலாவது, யாருக்கு அதிகாரம் என்னும் சட்டவினா நீக்கப்பட்டு, யார் மக்கள் பக்கம் என்னும் வினா அவ்விடத்தில் வைக்கப்பட்டது. இரண்டாவது, மூன்று முகங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டமை குற்றஞ் சாட்டப்பட்டோரின் படங்களை வெளியிடும் முறையை நினைவூட்டியது. நீதி வழங்கியோர் ஒரு பக்கத்தின் அமைப்பினாலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டனர். மூன்றாவது, ‘மக்கள்’ என்னும் சொல் வாக்களித்தோருள் 48 சதவீதத்தினரை விலக்கிவிட்டது. நீதியரசர்களோ மேடையேறி மறுமொழி கூறும் வழக்கமில்லாதவர். அவர்களுக்காகப் பேசவேண்டிய நீதி அமைச்சர் விரைந்து பேசவில்லை என்று சட்டத்துறையினர் குறைகூறினர். 2017 ஜனவரி 24ஆந் திகதி உயர் நீதிமன்றம், எட்டு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அதே முடிவை உறுதி செய்தது. பாராளுமன்றமும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வேண்டிய ஒப்புதலைச் சட்டமாக்கி வழங்கியது. எதிரிகள் எனத் தூற்றப்பட்டோர் கேட்டது, மக்களின் பிரதிநிதிகளிடம் கேளுங்கள் என்பதையே. இச்செய்தி அத்தலைப்பில் இடம்பெறவில்லை. வழக்கின் முடிவை மறந்தோரும் அம்மூன்று முகங்களையும் அத்தலைப்பையும் மறக்கவில்லை. நீதிமன்றத்தின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை ஒரு நாட் காலையில் கட்டப்படுவதன்று. எனவேதான் அதனை ஒரு நாட் காலையில் உரசிப்பார்ப்பது பாரதூரமாகின்றது.

இவற்றைக் கொண்டு பத்திரிகையைப் பகையாகக் கருதுதல் முறையன்று. தெரிவு செய்யாமல் முதற்பக்கம் ஒன்றை அமைக்க எவராலும் இயலாது. தன் சார்பை வெளிப்படையாக அறிவிக்கும் பத்திரிகை, நடுநிலை என்னும் போர்வைக்குள் அதனை ஒளிக்கும் பத்திரிகையினும் நேர்மையுடையது. பத்திரிகையின் சார்பும் நிலையானதன்று. 1992இல் கின்னொக்கை எள்ளி நகையாடிய அதே ‘சன்’, 1997 மார்ச்சு 18ஆந் திகதி முதற்பக்கத்திலே தொழிற்கட்சியின் புதிய தலைவர் டோனி பிளேயரை ஆதரிப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றது. காற்று வீசும் திசையை முன்னறிந்து திரும்பும் சேவல் தானே காற்றை உண்டாக்கியதாகக் கூவுவதும் உண்டு.

ஆகவே வாசகர் செய்யத்தக்கது சில கேள்விகளைப் பழகிக்கொள்வதாகும். இத்தலைப்பிலுள்ள வினைச்சொல்லை மாற்றினால் செய்தி மாறுமா? இப்படத்தைத் தெரிந்தவர் எவற்றைத் தள்ளியிருப்பார்? இதனருகே வேறெந்தச் செய்தி வைக்கப்பட்டுள்ளது, அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்குமாறு கண் தூண்டப்படுகின்றதா? இதிலே பேசுபவர் யார், பேச இடமளிக்கப்படாதவர் யார்? தலைப்பு கூறுவதைச் செய்தியின் கடைசிப் பந்தி தாங்குகின்றதா? இவற்றுள் இறுதிக் கேள்வியே மிகப் பயனுடையது. முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் வந்த தவறு, சில நாட்களின் பின் உட்பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் திருத்தப்படுவதைப் பலமுறை காணலாம். ஒரே நாளில் ஒரே செய்தியை இரு பத்திரிகைகளில் ஒப்புநோக்கும் வழக்கமும் நன்று. இரண்டிலும் ஒத்திருப்பவை பெரும்பாலும் நிகழ்ச்சியைச் சேர்ந்தவை; வேறுபடுபவை பெரும்பாலும் காரியாலயத்தைச் சேர்ந்தவை.

இக்காலத்தில் அச்சுப் பிரதிகளின் விற்பனை பல நாடுகளில் குன்றிவிட்டது. ஆயினும் முதற்பக்கத்தின் வாழ்வு முடிந்துவிடவில்லை. நாளைய பத்திரிகைகளின் முதற்பக்கங்களை முன்னிரவிலேயே காட்டி உரையாடும் நிகழ்ச்சிகளைப் பிரித்தானியத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்புகின்றன. கைத்தொலைபேசியின் சிறு திரையிலும் அப்பக்கங்களின் படங்கள் கைமாறுகின்றன. அங்கே திருப்பிப் பார்ப்பதற்கு உட்பக்கம் இல்லை. தலைப்பும் முகமும் மட்டும் பயணம் செய்கின்றன, செய்தி பின்தங்கிவிடுகின்றது. பழைய வாசகருக்கு இருந்த ஆபத்தினும் இது பெரிது.

வானொலியும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. செய்தியறிக்கையிலும் ஒன்று முதலில் வரும். மற்றொன்று இறுதியில் வரும். வேறொன்று வராமலே போகும். செவியாற் கேட்பவரும் கண்ணாற் படிப்பவரைப் போன்றே எது முதலில் வைக்கப்பட்டது, ஏன் என்று கேட்கும் உரிமையுடையவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருத்தமான அளவுகோல். அங்கே சோற்றை எடுத்துப் பார்ப்பவர் சமைப்பவரே. முதற்பக்கத்திலோ அந்த ஒரு சோற்றைப் பிறர் தெரிந்தெடுத்துக் கையில் வைக்கின்றனர். அன்று ‘டைம்ஸ்’ வாசகர் செய்தியைக் காணத் தாளைத் திருப்பவேண்டிய கட்டாயத்தில் இருந்தார். இன்று அக்கட்டாயம் இல்லை. வாசகர் தாமாகவே திருப்பவேண்டியுள்ளது. வாக்குச்சாவடிக்குப் புறப்படும் காலையில் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கச் செலவாகும் பத்து நிமிடம், அடுத்து வரும் ஐந்தாண்டுகளுக்கான காப்பு எனலாம்.